எழுபது வளைவும் இரண்டு வாட்சும்

ஞாயிற்றுக்கிழமைகளில் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறிவரும் தம்பி தங்கைகளுக்கு,

கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு அரப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் முடவாட்டுக்கால் சூப் விற்கும் கடையில் உங்களில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். போனில் இரண்டு வாட்சுகளின் படத்தை மாற்றி மாற்றிக் காட்டிப் பெரிய வாக்குவாதம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி நாலைந்து வருடமாகச் சேர்த்த பணத்தில் ஒரே ஒரு நல்ல வாட்ச் வாங்கப் போகிறார், அதைத் தினமும் கட்டப் போகிறார், எதை வாங்குவது என்பதுதான் பேச்சு. ஒன்று ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர். இன்னொன்று ஒமேகா அக்வா டெர்ரா. பக்கத்துப் பெஞ்சில் இருந்த நான் பட்டறையில் வேலை பார்த்தவன் என்று சூப் கடைக்காரம்மா சொல்லிவிட, "ஐயா, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. இருட்டும் முன் அடிவாரம் சேர வேண்டும் என்று எல்லோரும் கிளம்பிவிட்டீர்கள்.

சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இதே கேள்வியை உங்களுக்கு முன்னும் இரண்டு மூன்று குழுக்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. ஆகவே எல்லோரும் படிக்கும்படி திறந்த மடலாகவே எழுதிவிடுகிறேன்.

சென்னையில் 27 வருடம் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு வாட்ச் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். சுவிஸ் வாட்சுகள் நிறைய என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. இப்போது மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விற்கவோ வாங்கவோ எனக்கு எந்தக் கடையும் இல்லை. வாட்சை வெளியிலிருந்து பார்த்ததைவிட உள்ளேயிருந்து பார்த்ததே அதிகம் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டும் என்ன என்று எல்லோருக்கும் தெரியட்டும். நீங்கள் காட்டிய எக்ஸ்ப்ளோரர் 36 மில்லிமீட்டர் அகலம். கறுப்பு டயலில் 3, 6, 9 மட்டும் எண்ணாக இருக்கும். தேதி கிடையாது. 100 மீட்டர் நீர்த்தாங்கு திறன். முழுச் சாவியில் ஏறத்தாழ 70 மணி நேரம் ஓடும். அக்வா டெர்ரா 38 மில்லிமீட்டர். ஆறு மணி இருக்கும் இடத்தில் தேதி. 150 மீட்டர் நீர்த்தாங்கு திறன். 55 மணி நேரம் ஓடும். பின்மூடி கண்ணாடி என்பதால் எந்திரம் ஓடுவதைப் பார்க்கலாம். இரண்டுமே கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். இரண்டுக்கும் 5 வருட உத்தரவாதம். இரண்டின் விலையும் லட்சங்களில்.

உங்களில் நீலச் சட்டை போட்டிருந்த தம்பி சொன்ன வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "எவரெஸ்ட் ஏறின வாட்ச் இது. மலைக்கு வர்றவனுக்கு இதுதான்" என்றார். டென்சிங்கும் ஹிலாரியும் 1953 மே 29 அன்று உச்சியைத் தொட்டார்கள். எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரோடு வாட்ச் வந்ததும் அதே 1953இல்தான். ஆனால் அந்தப் பயணக் குழுவுக்கு ரோலெக்ஸ் தந்தவை அதற்கு முன்பே இருந்த ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல் வாட்சுகள். ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியும் அதே குழுவுக்கு வாட்ச் தந்திருந்தது. ஆக, பயணத்தின் புகழ் பெயராக டயலில் ஏறியது. அந்தப் பெயரில் தவறொன்றும் இல்லை, எனக்கும் பிடித்த பெயர்தான். ஆனால் மலையின் பெயரை வைத்து மலைக்கான வாட்சைத் தேர்ந்தெடுத்தால் கொல்லிமலையை விட்டுவிட்டு இமயமலைக்கு வாங்கினதாக ஆகும். எவரெஸ்டில் பகை குளிர். கொல்லிமலையில் வாட்சுக்குப் பகை தண்ணீரும் வியர்வையும். அந்தக் கணக்கில் பார்த்தால் தண்ணீர், நிலம் என்று லத்தீனில் பெயர் வைத்துக்கொண்டு 2002இல் வந்த அக்வா டெர்ராவுக்கே இங்கே பொருத்தம் கூடுதல். பெயரை விட்டுவிடுவோம்.

எஃகில் செய்த வாட்சுக்கு எதற்கு இவ்வளவு விலை என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ, குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடும் அந்த வாட்ச், சுவிஸ்காரர்களின் மிக நல்ல எந்திரத்தைவிடத் துல்லியமாக மணி காட்டியது. அந்த நெருக்கடிக் காலத்தில், 1972இல், ஜெரால்டு ஜென்டா வரைந்து கொடுத்த ராயல் ஓக் என்ற எஃகு வாட்சை ஆடிமார் பிகே கம்பெனி தங்க வாட்சின் விலைக்கு வைத்தது. நான்கு வருடம் கழித்து அதே ஜென்டா வரைந்த நாட்டிலஸை பட்டேக் பிலிப் கொண்டுவந்தது. தங்கமும் வைரமும் இல்லாமல், கோட்டுக்கும் நீச்சலுக்கும் சேர்த்துக் கட்டக்கூடிய விலையுயர்ந்த வாட்ச் என்ற எண்ணம் அதிலிருந்துதான் வேரூன்றியது. அந்த விலையில் வேலைப்பாடும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. இரண்டில் எதற்கு எவ்வளவு தருகிறோம் என்று வாங்குகிறவர் தெரிந்து வாங்க வேண்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைத்த விஷயம். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளின் மேல்முனையில் அடிக்கடி நிற்கிறவன் நான். நல்ல வாட்ச் கட்டிவந்த பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். கழற்றிப் பாக்கெட்டில் போடுவார்கள். ஹெல்மெட்டுக்குள் வைத்து நண்பனிடம் கொடுப்பார்கள். ஒருவர் கைக்குட்டையில் முடிந்து பையின் அடியில் திணித்தார். 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிற இடத்துக்கென்றே செய்ததுபோல நீர்த்தாங்கு திறன் எழுதியிருக்கும் பொருளைத் தண்ணீரைக் கண்டதும் கழற்றுகிறார்கள். கழற்றிய வாட்ச்தான் தொலைகிறது. படியில் விழுகிறது, கல்லில் மோதுகிறது. கையில் இருந்த வாட்ச் அந்தப் படியில் தொலைந்து நான் கேட்டதில்லை.

இன்னொரு கூட்டம் உண்டு. தினமும் கட்டத்தான் என்று சொல்லி வாங்கிவிட்டு, லாக்கரில் வைத்துவிட்டு, மலைக்கு வரும்போது ஆயிரம் ரூபாய் டிஜிட்டல் வாட்சைக் கட்டி வருகிறவர்கள். என் மேசைக்கு அப்படிப்பட்ட வாட்சுகள் வந்ததுண்டு. பத்து வருடத்தில் ஐம்பது நாள்கூடக் கட்டாததால் ஒரு கீறல் இருக்காது. உள்ளே எண்ணெய் மட்டும் வறண்டிருக்கும். அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆகவே தம்பி, டயலைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையின் ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த மணிக்கட்டு எதன்மேல் கிடக்கிறது? மடிக்கணினியின் ஓரத்தில். சனிக்கிழமை? ஞாயிறு காலை சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி தாண்டி, முதல் வளைவில் தொடங்கி எழுபதாவது வளைவு வரை அது என்ன செய்கிறது? கிளட்ச் பிடிக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு முறையாவது கியர் இறக்கி ஏற்றினால், மேலே வந்து சேர்வதற்குள் அந்த இடது கை நூற்று நாற்பது தடவையாவது கிளட்சை இழுத்திருக்கும். ஒவ்வொரு இழுப்பிலும் மணிக்கட்டு மடியும். வாட்ச் பெரிதாக இருந்தால் சாவி கொடுக்கும் குமிழ் புறங்கையில் குத்தும். அந்தக் குமிழைப் பட்டறையில் நாங்கள் கிரவுன் என்போம். புல்லட்டின் அதிர்வில், இறுக்கமான கையுறையோடு, அந்தக் குத்தல் இருபதாவது வளைவிலேயே எரிச்சலாகிவிடும். இதற்காகவே பைக் ஓட்டுகிறவர்கள் பலர் வாட்சை ஹேண்டில்பாரில் மாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்திர வாட்சுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. உள்ளே ஓயாமல் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை, தலைமயிரைப் போன்ற மெல்லியது. கையில் கட்டினால் சதையும் எலும்பும் அதிர்வைக் குடித்துக்கொள்ளும். ஹேண்டில்பார் அப்படியே எந்திரத்துக்குக் கடத்தும்.

அந்தத் தம்பிக்கு மணிக்கட்டு ஒல்லி. 16 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அளவில் மட்டும் பார்த்தால் 36 மில்லிமீட்டர் எக்ஸ்ப்ளோரர் அவருக்குத் தைத்ததுபோல உட்காரும். அது அக்வா டெர்ராவைவிடத் தடிமனும் குறைவு, ஜாக்கெட் கைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அதன் செயின் பூட்டில் இன்னொரு வசதி இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல் விரலாலேயே 5 மில்லிமீட்டர் நீட்டிக்கொள்ளலாம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மே மாதத்தில் நாமக்கல் வெயிலில் புறப்பட்டு வரும்போது கை வீங்கியிருக்கும். மேலே வந்து அரைமணி நேரத்தில், குளிர்ந்த காற்றில், அதே கை சுருங்கிவிடும். கீழே இறுக்கிய செயின் மேலே தொளதொளக்கும். தினமும் ஒரே வாட்ச் கட்டுகிறவனுக்கு, 15,000 ரூபாய் வாட்சாக இருந்தாலும் 8 லட்ச ரூபாய் வாட்சாக இருந்தாலும், செயின் கையில் எப்படி உட்காருகிறது என்பதே முதல் கேள்வி. கடையில் கட்டிப் பார்க்கும்போது மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள். கிளட்ச் பிடிப்பதுபோல விரல்களை மடக்கிப் பாருங்கள். கண்ணாடி முன் நின்று பார்ப்பதைவிட இது முக்கியம்.

அடுத்தது தண்ணீர். 100 மீட்டரா 150 மீட்டரா என்று அன்று நீங்கள் சண்டையே போட்டுக்கொண்டீர்கள். ஆகாய கங்கையைப் பொறுத்தவரை அந்த வித்தியாசத்துக்கு வேலையே இல்லை. 300 அடியிலிருந்து தண்ணீர் கட்டியாக, சிதறாமல் விழுந்தால் 90 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் வரும் என்று கணக்குப் போடலாம். ஆனால் அருவி அப்படி விழுவதில்லை. காற்று அதை உடைத்துத் துளியாக்கிவிடுகிறது. பெரிய நீர்த்துளி காற்றில் விழக்கூடிய வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர்தான். அந்த வேகத்தில் மோதும் தண்ணீரின் அழுத்தம், நாலு மீட்டர் ஆழமுள்ள கிணற்றில் முங்கினால் வருகிற அழுத்தம். சில இடத்தில் திரளாக விழுந்து அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனாலும் இரண்டு வாட்சுமே தாங்கும்.

பிறகு எப்படித் தண்ணீர் போகிறது? கிரவுன் வழியாக. இரண்டு வாட்சிலும் கிரவுன் திருகி மூடும் வகை. மணி திருத்தவோ தேதி மாற்றவோ திருகைக் கழற்றி இழுத்துவிட்டு, திரும்பத் திருகாமல் விட்டுவிட்டால் 100 மீட்டரும் கிடையாது, 150 மீட்டரும் கிடையாது. கை கழுவும் தண்ணீர் போதும். ஒரு டாக்டர் தன் வாட்சை என்னிடம் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், 200 மீட்டர் என்று டயலில் எழுதியிருந்த வாட்ச். திறந்தால் உள்ளே துரு, டயலின் வெள்ளை எழுத்துகள் கொப்பளித்திருந்தன. ஊருக்குப் போன இடத்தில் தேதி மாற்றியிருக்கிறார், அப்படியே கோயில் குளத்தில் முங்கியிருக்கிறார். கடல் ஆழத்தைத் தாங்கும் வாட்ச் இடுப்பளவுத் தண்ணீரில் போய்விட்டது. அவர் என் முன்னால் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா பணம் சேர்த்து, டாக்டர் பட்டம் வாங்கிய நாளில் கட்டிவிட்ட வாட்ச் அது. டயலை என்னால் மீட்க முடியவில்லை. இன்றைக்கும் அருவியில் யாராவது வாட்சோடு நின்றால் என் கண் முதலில் அந்தக் குமிழுக்குத்தான் போகிறது.

இன்னொன்றும் உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் என்றென்றைக்கும் இருக்கும் பொருள் அல்ல. வியர்வை, சோப்பு, சன்ஸ்கிரீன், வெயில் எல்லாம் அதைக் காய வைக்கும். அருவிக்குப் போகிறவர் வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். வாட்சைத் திறக்காமலே செய்யலாம், சில நிமிட வேலை.

காந்தத்துக்கு வருவோம். உங்களில் யாருமே பேசாத விஷயம் இது. என் முடிவைத் தீர்மானிப்பதும் இதுதான்.

போன ஞாயிறு உங்கள் வண்டிகளைச் சுற்றிப் பார்த்தேன். மூன்று புல்லட்டில் டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பை. இரண்டு வண்டியில் காந்தப் பிடியில் போன். நிறைய ஹெல்மெட்டில் இண்டர்காம் ஸ்பீக்கர். வார நாளில் அந்தத் தம்பியின் கை கிடப்பது மடிக்கணினியின் மேல், அதன் ஸ்பீக்கரிலும் மூடியிலும் காந்தம். எந்திர வாட்சின் உயிர் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில். பழைய உலோகத்தில் செய்த சுருளில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். சுருள் குட்டையானதுபோல ஆகி, வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடத் தொடங்கும். காந்த எதிர்ப்பு என்று ஒரு வாட்சில் எழுத உலகத் தர அமைப்பு கேட்பது 4,800 ஆம்பியர்/மீட்டர், அதாவது 60 காஸ் அளவு. டேங்க் பையின் காந்தத்தை ஒட்டிக் கையை வைத்தால் அதைத் தாண்டிவிடும். நான் பட்டறையை விடும் காலத்தில் "வாட்ச் திடீர்னு வேகமா ஓடுது" என்று வந்தவற்றில் பாதிக்குமேல் காந்தம் ஏறினவைதான்.

எக்ஸ்ப்ளோரரின் சுருள் நியோபியமும் சிர்கோனியமும் கலந்தது, காந்தம் அதை இழுக்காது. மோசமான வாட்ச் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அக்வா டெர்ராவின் எந்திரத்தை சுவிட்சர்லாந்தின் அரசு அளவியல் நிறுவனமான மெட்டாஸ் வகுத்த சோதனைப்படி 15,000 காஸ் புலத்தில் வைத்துப் பார்த்தபிறகே சான்று தருகிறார்கள். 15,000 காஸ் என்றால் 1.5 டெஸ்லா. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எம்ஆர்ஐ எடுக்கும் சாதாரண எந்திரத்தின் காந்தம் அந்த அளவு. அதற்காக யாரும் வாட்சோடு எம்ஆர்ஐ அறைக்குள் போக வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து. டேங்க் பைக்கும் மடிக்கணினிக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்வா டெர்ராவின் எந்திரத்தில் இன்னொரு சிறப்பு, கோ-ஆக்சியல் என்ற எஸ்கேப்மென்ட். சக்கரம் ஒவ்வொரு பல்லாக விடுபடும் இடம் அது. ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் தனியாளாக உட்கார்ந்து கண்டுபிடித்தது. பல கம்பெனிகளின் கதவைத் தட்டியபிறகு 1999இல் ஒமேகா அதை எடுத்துக்கொண்டது. பல்லும் கல்லும் உரசிக்கொண்டு போகும் தூரம் அதில் குறைவு, அதனால் எண்ணெயை நம்பியிருப்பதும் குறைவு. நான் லென்ஸ் வழியே பார்த்ததில் அழகான பொறி என்று அதைத்தான் சொல்வேன்.

துல்லியத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினீர்கள். எக்ஸ்ப்ளோரருக்கு நாளுக்கு இரண்டு நொடி முன்னே பின்னே என்பது கம்பெனியின் வரம்பு. அக்வா டெர்ராவுக்குப் பின்தங்காமல் ஐந்து நொடி வரை முன்னே. மாதக் கணக்கில் முதலாவது அதிகபட்சம் ஒரு நிமிடம், இரண்டாவது இரண்டரை நிமிடம். இரண்டில் எதைக் கட்டினாலும் பஸ்ஸைத் தவறவிடப் போவதில்லை. 70 மணி நேரமா 55 மணி நேரமா என்பதும் அப்படித்தான். வெள்ளி இரவு 9 மணிக்குக் கழற்றி வைத்தால் எக்ஸ்ப்ளோரர் திங்கள் மாலை 7 மணி வரை ஓடும். அக்வா டெர்ரா திங்கள் விடியற்காலை 4 மணிக்கு நின்றுவிடும். தினமும் கட்டுகிறேன் என்பவர் வெள்ளிக்கிழமை ஏன் கழற்ற வேண்டும்?

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொல்வது அக்வா டெர்ரா. 38 மில்லிமீட்டர், எஃகுச் செயின். கையில் உட்காரும் விதத்தில் எக்ஸ்ப்ளோரர் ஒரு படி மேல் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கடையில் மடக்கிப் பார்க்கும்போது அக்வா டெர்ரா குத்தினால், என் பேச்சைத் தள்ளிவிட்டு எக்ஸ்ப்ளோரரையே எடுத்துக்கொள்ளுங்கள். குத்தாவிட்டால் மறுபேச்சு வேண்டாம்.

இதற்கு உங்களிடமிருந்து வரப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும், அன்றே காதில் விழுந்தது. "ரோலெக்ஸ்னா வித்தா போட்ட காசு வரும், ஒமேகா அப்படி இல்லை." உண்மைதான். ரோலெக்ஸ் அளவுக்கு ஒமேகாவின் கைமாற்று விலை நிற்பதில்லை. அதைத்தான் நான் அக்வா டெர்ராவுக்குச் சாதகமாகப் பார்க்கிறேன். விற்கும் விலையை மனதில் வைத்து வாங்கிய வாட்சை ஒருவரும் அருவிக்குக் கொண்டுபோக மாட்டார். அட்டைப்பெட்டியைப் பத்திரப்படுத்துவார், செயினில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைக்கூட உரிக்க மாட்டார். ஒவ்வொரு கீறலிலும் அவர் கண்ணுக்கு ரூபாய் தெரியும். விலை இறங்கத்தான் போகிறது என்று தெரிந்து வாங்கியவர், வாங்கிய அன்றே அந்தக் கணக்கை மூடிவிடுகிறார். அதன்பிறகு மிளகுச் செடியில் உரசினாலும், சோளக்காடு சந்தையில் பலாப்பழம் தூக்கினாலும், வாட்ச் அவருடையதாகவே இருக்கும்.

கீறல் விழும். இரண்டிலுமே விழும். எக்ஸ்ப்ளோரரின் டயலைச் சுற்றியுள்ள பளபளப்பான வளையத்தில் முதல் வாரமே விழும். அக்வா டெர்ராவின் செயினில் நடுக்கண்ணிகள் பளபளப்பாக இருந்தால் அதில் விழும். உடனே பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாலிஷும் எஃகை ஒரு சீவல் தேய்த்து எடுப்பதுதான். ஓரங்கள் மழுங்கிப்போய், மூக்கு தேய்ந்த சிலைபோல ஆன வாட்சுகள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். கடை வாசலில் நிற்கும்போது உங்கள் கையைப் பார்த்து "ரோலெக்ஸா?" என்று ஒருவர் கேட்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஏறிவரும் இந்த மலையை ஆண்டவன் ஓரி. செம்மேட்டில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். ஆடிப்பெருக்கை ஒட்டி அவருக்கு இங்கே விழாவே எடுக்கிறார்கள். வன்பரணர் புறநானூற்றில் அவரைப் பாடியிருக்கிறார். ஒரே அம்பில் யானையில் தொடங்கி உடும்பு வரை வீழ்த்திய ஒரு வேட்டுவனைக் காட்டில் பாணர்கள் பார்க்கிறார்கள். யாரென்று அவன் சொல்லவில்லை. அவர்கள் பாடப்பாட, தன் புகழைக் கேட்க நாணி நிற்கிறான். விருந்தும் வைத்து, பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். அந்தப் பாட்டை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்த வில்லைவிட அந்த நாணம்தான் மனதில் நின்றது. அதிகம் பேர் அடையாளம் கண்டுகொள்ளாத நல்ல பொருளைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வருவதில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

வாங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி அங்கீகரித்த கடையில் மட்டும் வாங்குங்கள், சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவேண்டி வந்தாலும் சரி. 2 லட்சத்துக்கு மேலான வாங்கலுக்கு பான் எண் கேட்பார்கள், அந்த அளவுப் பணத்தை ரொக்கமாக வாங்கவும் சட்டம் இடம் தராது. "பில் இல்லாம ரொக்கமா கொடுத்தா குறைச்சுத் தர்றேன்" என்று எவராவது சொன்னால் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாட்சுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் கடையிலேயே ஒரு சதவீத வரி பிடிக்கிறார்கள். நீங்கள் பார்த்த இரண்டும் அந்த வரம்புக்குள் இருந்தால் அது உங்களுக்கு வராது, வந்தாலும் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் மாமா வாங்கி வருகிறார் என்றால் சுங்கவரி கட்டிய ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரமும் வேண்டாம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு நம் நாடு செய்த வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. சுவிஸ் வாட்சின் இறக்குமதி வரி அதன்படி படிப்படியாகக் குறையும்.

சர்வீஸ் செலவையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரக வாட்சை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் இட்டுக் கோக்க, ஒரு நல்ல டைட்டன் வாட்சின் விலைக்கு மேல் ஆகும். அதைக் கொடுக்க மனம் வராது என்றால், டைட்டனே வாங்குங்கள். இதைக் குறைவாகச் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் 1984இல் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் செய்யும் வாட்ச் அது. நம் பிள்ளைகளின் கையால் ஆன வேலை. மணியும் அதிகம் தப்பாது. அன்று உங்களோடு வந்திருந்த ஒரு தங்கை அதைத்தான் கட்டியிருந்தார், அருவியில் கழற்றவும் இல்லை.

என் கையில் இருந்ததைப் பற்றியும் கேட்டீர்கள். எச்எம்டி ஜனதா. 17 கல், தினமும் காலையில் கையால் சாவி கொடுக்க வேண்டும். என் அப்பா காப்பிக்கொட்டை விற்ற காசில் சேலத்தில் வாங்கியது. அதற்கு நீர்த்தாங்கு திறன் ஒன்றும் கிடையாது. மழை தூறினால் அவர் அதைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, தலைப்பாகைக்குள் செருகிக்கொள்வார். மழையில் கட்ட முடியவில்லையே என்று அவருக்கு ஒரு ஏக்கம் உண்டு. "தண்ணி போகாத வாட்சுன்னு ஒண்ணு இருக்காமே, நீ பார்த்திருக்கியா?" என்று சென்னையிலிருந்து நான் லீவில் வரும்போதெல்லாம் கேட்பார். தினமும் அப்படிப்பட்ட பத்து வாட்சைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவன், ஒன்றையும் அவருக்கு வாங்கித் தரவில்லை. அந்த எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016இல் முடிவு செய்த செய்தியைப் படித்த அன்று, அப்பாவின் வாட்சைப் பிரித்து, கழுவி, எண்ணெய் இட்டுக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கழற்றவில்லை, மழையைத் தவிர.

தண்ணீர் போகாத வாட்சை வாங்க முடிகிறவர்கள் நீங்கள். வாங்கிவிட்டுத் தண்ணீரைக் கண்டதும் கழற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

அடுத்த முறை ஏறிவரும்போது, வாட்ச் எதுவானாலும், பெட்டியில் வைக்காமல் கையில் கட்டிக்கொண்டே வாருங்கள். டேங்க் பையால் காந்தம் ஏறியிருந்தால் இறக்கிவிடும் சின்னக் கருவி என்னிடம் இருக்கிறது, எந்த வாட்சுக்கும் ஒரு நிமிட வேலை. காசு வேண்டாம். காலை பத்து மணிக்கு அதே சூப் கடையில் இருப்பேன். படியிறங்கும் முன் ஒவ்வொருவராகக் கையை நீட்டுங்கள். கிரவுன் திருகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அருவிக்கு விடுவேன்.

அன்புடன்,
செம்மேட்டிலிருந்து,
பட்டறையை விட்டு வந்த உங்கள் ஐயா